ஒத்தைக்கண்ணனுக்கு எந்தக் கண் இல்லை?

இந்த வருஷம் தன் மனைவி கனகம் பயஸ்கோப் பார்க்கக் கூடாது என்று வயித்திலிங்கம் பிள்ளை முடிவு செய்தார். இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கிறவர் எடுத்த முடிவாயிற்றே, கல்லில் செதுக்கியதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை ஒன்றை முடிவு செய்வார். வீட்டில் நடப்பது வேறொன்றாக இருக்கும். தாலி கட்டிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஆனால் இந்த முறை விஷயம் பெரிது. அவருடைய இல்லறமே அந்த முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம். பிள்ளை கொடுமைக்காரர் இல்லை. பெண்டாட்டியைக் கொடுமை செய்ய முதலில் அவளோடு பேச வேண்டும். அவருக்கு அதுவே வராது. கடையில் நாள் முழுக்கப் பேசுவார். மிளகாயின் காரத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்வார். மல்லி வாங்க வந்தவனைச் சீரகமும் வாங்க வைத்து அனுப்புவார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அதைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். மனசுக்குள் எவ்வளவோ இருக்கும். எதை முதலில் சொல்வது என்று யோசிப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிடும்.

கனகம் துறையூர்ப் பக்கத்துக்காரி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, யாரும் யார் சொல்வதையும் கேட்காத பெரிய குடும்பத்தில் பிறந்தவள். கப்பலேறி, மலையேறி, இந்தக் குளிருக்குள் வந்து குடித்தனம் வைத்தாள். குழந்தை குட்டி இல்லை. சன்னலைத் திறந்தால் பனிமூட்டம். மூடினால் பிள்ளை. இரண்டும் பேசாது.

"சோறு?"

"போதும்."

"ரசம்?"

"ம்."

இதுதான் அவர்கள் ஒரு நாளைக்குப் பேசிக்கொண்டது. தீபாவளி, பொங்கல் என்றால் "பாயசம்?" என்று ஒரு சொல் கூடும்.

இந்த நிலையில்தான் போன வருஷம் ரேஸ்கோர்ஸ் திடலில் பயஸ்கோப் கூடாரம் போட்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் படிக்கிற பழைய கதைப்புத்தகம் ஒன்று இருக்கிறதாம். கடல் கொள்ளைக்காரர்கள், நடுக்கடலில் ஒரு தீவு, தீவுக்குள் புதையல். ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டிய கொள்ளைத் தலைவன் ஒருவன். அதைப் படமாகப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். "பொம்பளைங்க பாக்குற படம் இல்ல. ஒரே வெட்டு, குத்து" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை தனியாகப் போய் வந்தார். வந்து இலையின் முன் உட்கார்ந்ததும் கனகம் கேட்டாள்.

"அப்படி என்னதாங்க கதை?"

பிள்ளை ஏதோ சொல்லலாமே என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சோறு ஆறியது. ரசம் ஆறியது. கப்பல் புறப்பட்டு, புயலில் சிக்கி, தீவில் இறங்கியது. கனகம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒத்தைக்கண்ணன் கத்தியை உருவிய இடத்தில் அவள் கண்கள் விரிந்தன.

"அய்யய்யோ! அப்புறம்?"

பிள்ளைக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் "அப்புறம்?" என்று கேட்டதில்லை. விலை கேட்பார்கள். எடை சரியா என்று கேட்பார்கள். 'அப்புறம்?' என்று கேட்க அவருக்கு ஒரு ஆள் கிடைப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மறுநாளும் கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். "அந்தத் தீவுக் கதைய இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்" என்பாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் அந்தக் கதை ஓடியது. ஒவ்வொரு தடவையும் கப்பல் கொஞ்சம் பெரிதானது. புயல் கொஞ்சம் பலத்தது. முடிவில் எல்லாரும் ஒத்தைக்கண்ணனை மன்னித்துக் கட்டித் தழுவி, தீவுக் கரையில் வரிசையாக இலை போட்டு விருந்து சாப்பிட்டார்கள். வடை பாயசத்தோடு.

"வெள்ளக்காரன் எல போட்டா சாப்புடுறான்?" என்று கனகம் ஒரு தடவை கேட்டாள்.

"தீவுல தட்டுக்கு அவன் எங்க போவான்?" என்றார் பிள்ளை. அவள் சிரித்தாள். அவருக்கு அன்று தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இப்போது சொல்லுங்கள், இந்த மனுஷன் என்ன செய்வார்? பிள்ளை 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற பக்கத்துக் குடைக் கடைப் புஹாரி ஒரு நாள் காலையில் வந்து, "பிள்ளை, கேள்விப்பட்டீங்களா? பயஸ்கோப் திரும்பியும் வருது. அதே கொள்ளைக்காரன் கதைதானாம். ஆனா இது வேற கம்பெனி, வேற ஆளுங்க நடிச்சது" என்று சொன்னபோது பிள்ளை எடை போட்டுக்கொண்டிருந்த மல்லியை மறுபடியும் மூட்டையிலேயே கொட்டினார். கனகம் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டால் அவரிடம் எதற்குக் கதை கேட்கப் போகிறாள்? பழையபடி சோறு, போதும், ரசம், ம். அதை நினைத்ததுமே அவருக்குக் குளிரெடுத்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு யோசித்தார்.

அன்று மத்தியானமே திட்டம் தயார்.

"கனகம், பசறையில என் தங்கச்சி மாசமா இருக்கால்ல? பாவம், ஒண்டியா இருக்கா. நீ போயி கொஞ்ச நாளு ஒத்தாசையா இருந்துட்டு வாயேன்."

"ஒண்டியாவா? அவ மாமியா இருக்காங்க. ரெண்டு நாத்தனா இருக்காங்க. ஓரகத்தி வேற."

"கூட்டத்துக்குள்ள இருந்தாலும் ஒண்டியா இருக்கலாம், கனகம்."

இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது. கனகம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைச் சற்று நேரம் பார்த்தாள்.

"சரிங்க. போறேன்" என்றாள்.

பிள்ளைக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவள் மறுத்தால் சொல்வதற்கென்று இன்னும் எத்தனையோ காரணங்களை மூட்டை கட்டி வைத்திருந்தார். ஒன்றுகூடச் செலவாகவில்லை. மறுநாள் விடிந்ததும் கூண்டு வண்டி வந்தது. கனகம் ஒரு தகரப் பெட்டியோடு ஏறினாள். "ரசப்பொடி மேல் தட்டுல இருக்கு. பால காய்ச்சாம குடிக்காதீங்க" என்றாள். வண்டி பசறை ரோட்டு வளைவில் மறைந்தது. பிள்ளை வெற்றிப் புன்னகையோடு உள்ளே வந்தார். புன்னகை அடுப்பங்கரை வரைக்கும்கூட வரவில்லை.

வீடு அவ்வளவு பெரியது என்று அவருக்கு அதுவரை தெரியாது. சோறு வடித்தார், அது களியாகிவிட்டது. "ரசம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "ம்" என்றார். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். சன்னலுக்கு வெளியே நமுனுகுலை மலை பனிக்குள் போய்விட்டிருந்தது. இவள் இத்தனை வருஷமாகப் பகல் முழுவதும் இந்தச் சத்தமில்லாத வீட்டில் என்னதான் செய்துகொண்டிருந்தாள் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தார். நினைக்க நன்றாக இல்லை. கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கூடாரமும் சொன்ன நாளில் வந்து சேரவில்லை.

"மட்டக்களப்புப் பக்கமிருந்து மேல வாறாங்க பிள்ளை. வழியில எங்கயோ ஆட்டம் போட்டு நிக்கிறாங்களாம். வந்துருவாங்க" என்றார் புஹாரி.

"எங்க நின்னா நமக்கென்ன நானா, வந்தாச் சரி" என்றார் பிள்ளை. பாவம்.

ஒரு வழியாகக் கூடாரம் வந்தது. பிள்ளை இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். 'இந்தத் தடவை' என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷமும் நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்ததாக அவர் தெருவுக்கெல்லாம் சொல்லியிருந்தார், வீட்டுக்கும் சொல்லியிருந்தார். உண்மை வேறு. கூடாரத்தின் நடுவே ஒரு வெள்ளைத் துணி. அதற்கு முன்னால் நாற்காலியும் பெஞ்சும். ஓரமாக ஒரு சேலை மறைப்புக்குள் பெண்களின் பெஞ்சு. துணிக்குப் பின்னால் வெறுந்தரை. அங்கே தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் உட்காருவார்கள். அவர்களுக்கும் படம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதற்காகத் துணியின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் இறைப்பார்கள்.

போன வருஷம் பிள்ளை போனபோது நாற்காலிக்காரர்கள் எல்லாரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தனியாக ஒரு நாற்காலியில் போய் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது. துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்துக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் குந்திவிட்டார். விளக்கு எரிந்தால் முகம் தெரிந்துவிடுமே என்று படம் முடிவதற்கு முன்னாலேயே எழுந்து ஓடியும் வந்துவிட்டார். கடை முதலாளி, வெறுந்தரையில், திரைக்குப் பின்னால்! வெளியே சொல்ல முடியுமா?

ஆகவே இந்த வருஷம்தான் பிள்ளை முதன்முறையாக முன்னாலிருந்து பார்க்கிறார். பார்த்தவர் பாதியிலேயே நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். பின்னாலிருந்தவர் அவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் திறக்காததுமாகப் பிள்ளை ஆரம்பித்துவிட்டார்.

"ஏமாத்து வேல, நானா! முழு ஏமாத்து வேல!"

"என்ன ஏமாத்து? படம் நல்லாத்தானே இருந்திச்சு?" என்றார் புஹாரி. போன வருஷம் கூடாரம் வந்தபோது அவர் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். ஆகையால் இந்த ஒரு படம்தான் அவர் பார்த்தது.

"ஒத்தக்கண்ணன் எந்தக் கண்ணுல துணி கட்டிருந்தான்?"

"எடது கண்ணுல."

"அங்கதான் மாட்டிக்கிட்டான்! போன வருஷம் வந்த ஒத்தக்கண்ணனுக்கு வலது கண்ணு. கத்திய எந்தக் கையில புடிச்சான்?"

"சோத்துக் கையிலதான். வேற எதுல புடிப்பான்?"

"போன வருஷம் பீச்சாங்கையில! அவன் மட்டுமில்ல நானா, கப்பல்ல இருந்த அத்தனை பேரும் பீச்சாங்கை!"

"அத்தனை பேருமா?"

"அத்தனை பேரும்."

"சாப்புடுறதும்?"

"சாப்புடுறதும் பீச்சாங்கைதான்."

"சீ!" என்றார் புஹாரி.

"சீன்னா சீதான். அவன் கடல்கொள்ளைக்காரன் நானா, மாப்பிள்ளை விருந்துக்கா வந்திருக்கான்? முறைகெட்ட பயலுக, முறைகெட்ட கையாலதான் திம்பானுக. அத யோசிச்சுப் பாத்து எடுத்தான் பாருங்க மொதக் கம்பெனிக்காரன், அவன் கலைஞன். எத்தனை பேரத் தேடிப் புடிச்சிருப்பான்! அத்தனையும் பொறவிப் பீச்சாங்கைக்காரனுங்க. இந்த ரெண்டாவது கம்பெனிக்காரன் கைக்குக் கெடச்சவன எல்லாம் கப்பல்ல ஏத்திட்டான்."

புஹாரி நம்பவில்லை. உலகத்தில் அத்தனை இடதுகைக்காரர்கள் ஒரே கப்பலில் ஏற முடியாது என்றார். அந்த நேரம் பார்த்து அரிசி வாங்க வந்து நின்றார் தோட்டத்து மாரிசாமி.

"மொதலாளி சொல்றது நெசந்தானுங்க" என்றார் அவர். "போன வருசம் எங்க லயத்து வீடுங்கள்லேருந்து ஒரு கூட்டமே வந்து பாத்தோம். எல்லாப் பயலும் பீச்சாங்கைதான். எங்க ஆளுங்க அத நெனச்சு நெனச்சு ஒரு வாரம் சிரிச்சாங்க."

"கேட்டீங்களா!" என்று பிள்ளை தொடையைத் தட்டினார்.

மாரிசாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மொதலாளியும் எங்கள மாதிரியே பாத்திருக்கீங்க" என்றார். பிள்ளைக்கு ஏனோ இருமல் வந்தது. அன்று மாரிசாமிக்கு அரிசி கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

அப்புறம் கடைத்தெரு இரண்டாகப் பிரிந்துபோனது. தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இடதுகைக் கட்சி, தலைவர் பிள்ளை. எதிர்க்கட்சிக்குப் புஹாரி. சம்பா வாங்க வந்தவன், குடை ரிப்பேருக்கு வந்தவன், ஒதுங்கி நின்றவன் எல்லாரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். பிள்ளையின் வாழ்நாளில் அவர் கடையில் அத்தனை கூட்டம் நின்றதில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனால் ஒருவரும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் வாய் நிறைய இருந்தது. "அப்புறம்?" என்று கேட்க ஆள் இல்லை. தான் போட்ட திட்டம் தன்னையே வீட்டுக்குள் தனியாக வைத்துப் பூட்டிவிட்டதே என்று அவருக்கு அழுகைகூட வந்தது. அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் கண்ணீர் வந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

தாங்க முடியாமல் பசறைக்குப் போகிற வண்டிக்காரனிடம் கனகத்தை வரச் சொல்லி அனுப்பினார். கூடாரத்தில் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கியிருக்கும்போதே கனகம் வந்து இறங்கினாள். கன்னம் கொஞ்சம் உருண்டு, முகம் தெளிந்திருந்தாள். மலைக்காற்று அங்கே நல்லது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் பிள்ளை.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலசினார். முதல் ஒத்தைக்கண்ணன் மெலிந்தவன், இரண்டாமவன் தொந்திக்காரன். முதல் கப்பலுக்குப் பாய் அதிகம். முதலாவது வலது கண், இரண்டாவது இடது கண். முதலாவது பீச்சாங்கை, இரண்டாவது சோத்துக்கை. கனகம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். சரியான இடத்தில் "அப்புறம்?" என்றாள். சரியான இடத்தில் "அய்யய்யோ" என்றாள். பிள்ளைக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை கனகம் பின்கட்டுக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பல் விளக்க வந்தார். அவருடைய நல்ல வேட்டியை அலசிக் கொடியில் விரித்துப் போட்டிருந்தாள். அபூர்வமாக வெயில் அடித்தது.

"என்னங்க, இந்த வேட்டிக்கு அந்தாண்ட பக்கம் போயி நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்களேன்."

நின்றார். கனகம் நீலம் கரைத்து வைத்திருந்த கிண்ணத்தில் விரலை முக்கினாள். ஈர வேட்டியின் மேல் ஒரு வட்டம் போட்டாள்.

"ஏய், ஏய்! என் வேட்டி!"

"சும்மா இருங்க." வட்டத்துக்குள் ஒரு மூக்கு, ஒரு வாய். ஒரு கண்ணை அப்படியே விட்டு, இன்னொன்றின் மேல் அப்பி ஒரு பூச்சுப் பூசினாள். "இது ஒத்தக்கண்ணன். இவனுக்கு எந்தக் கண்ணுங்க இல்ல?"

துணியில் ஊறி வந்த நீலத்தைப் பார்த்துப் பிள்ளை, "வலது கண்ணு. இதான் அசல்! நீயே வரஞ்சுட்ட பாரு" என்றார்.

"இப்ப இந்தாண்ட வந்து பாருங்க."

பிள்ளை சுற்றிக்கொண்டு வந்தார். பார்த்தார். வாயில் வேப்பங்குச்சி அப்படியே நின்றது. மறுபடி அந்தப் பக்கம் போனார். மறுபடி இந்தப் பக்கம் வந்தார்.

"எடது கண்ணு" என்றார் மெதுவாக.

"போன வருஷம் எங்கங்க ஒக்காந்து பாத்தீங்க?"

"நா... நாற்காலியில."

"நாற்காலியில ஒக்காந்து பாத்தவரு வேட்டி பின்னால எல்லாம் சேறா இருந்துச்சே, அது எப்படிங்க? நாந்தானே தொவச்சேன்."

பிள்ளை கிணற்றைப் பார்த்தார். குதித்துவிடலாம் போலிருந்தது. பிறகு திடீரென்று ஒன்று உறைத்தது. ஒரு பிடி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் நிமிர்ந்தார்.

"அது கெடக்கட்டும். அவனுக்கு அசல்ல எடது கண்ணுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? நீதான் படமே பாக்கலையே?"

"பாத்தேனே."

"எங்க?"

"பசறையில. ஒங்க தங்கச்சி வீட்டுக்கு எதுத்தாப்புலதான் கூடாரம் போட்டிருந்தாங்க. நான் போன அன்னிக்குத்தான் கம்பம் நட்டாங்க. அவ மாமியா, நாத்தனா, எல்லாரும் போனோம். ஒரு ஆட்டம் விடல."

பயஸ்கோப் வழியில் எங்கே நின்றது என்று இப்போது பிள்ளைக்குத் தெரிந்தது. வண்டி பிடித்து, பெட்டி தூக்கி, அவரே அவளைக் கொண்டுபோய்க் கூடாரத்து வாசலில் இறக்கியிருக்கிறார்.

"அப்ப நேத்து ராத்திரி என்கிட்ட கேட்டியே, அப்புறம், அப்புறம்னு..."

கனகம் ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"போன வருஷத்துப் படமும் பாத்தேங்க. நீங்க பாத்த அடுத்த நாளு, நீங்க கடையில இருக்கும்போது. ஸல்மாக்கா கூட்டிட்டுப் போனாங்க. பொம்பளைங்க பெஞ்சு முன்பக்கந்தானே? எல்லாம் நேராத் தெரிஞ்சுச்சு." ஸல்மாக்கா என்றால் புஹாரியின் மனைவி. ஆக, குடைக் கடைக்கும் தெரியும். பிள்ளைக்குக் காது சிவந்தது.

"ஒரு வருஷமா? ஒரு வருஷமா நான் சொன்னேனே, பீச்சாங்கை, வலது கண்ணு, எல போட்டு விருந்து..."

"விருந்தெல்லாம் இல்லீங்க அதுல. நீங்க கடைசி வரைக்கும் இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். எல்லாரும் புதையல ஏத்திக்கிட்டுக் கப்பல்ல போயிருவாங்க. ஒத்தக்கண்ணன மட்டும் தீவுல விட்டுருவாங்க. அவன் கரையில நின்னு, கப்பல் சின்னதாகிச் சின்னதாகிப் போறதப் பாத்துக்கிட்டே இருப்பான். இப்ப வந்த படத்துல அவனையும் ஏத்திக்கிட்டுப் போறாங்க. எல்லாரும் கையத் தட்டுனாங்க. எனக்கு மொதப் படந்தான் பிடிச்சுது. அழுதுட்டேன்."

"கொள்ளக்காரனுக்காகவா அழுத?"

"தீவுல இருக்குறவளுக்குத் தெரியாதாங்க?"

பிள்ளை வாயிலிருந்த குச்சியை எடுத்துக் கீழே போட்டார். தான் ஒருவன்தான் இந்த வீட்டில் தனியாக இருந்ததாக அவர் இத்தனை வருஷமும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேட்ட?" என்றார்.

"கதைய கேட்டா நீங்க பேசுறீங்க. வேற எதக் கேட்டாலும் 'ம்'ங்கிறீங்க. அதான் கேட்டேன். ஒங்க படத்துல எல்லாரும் பீச்சாங்கையா இருந்தா எனக்கென்ன? பேச்சுச் சத்தம் இருந்துச்சு வீட்டுல."

அவருக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. நிறைய இருந்தது. வழக்கம்போல எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பதிலாக, "இன்னிக்குக் கடைசி ஆட்டம் இருக்கு. கடைய வெள்ளன மூடிர்றேன். ரெண்டு பேரும் போவோம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. கனகத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. அது கதை கேட்கிறபோது வருகிற சிரிப்பு இல்லை; வேறு.

பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. இனி என்ன கவலை? அவள் பெண்கள் பெஞ்சில், அவர் நாற்காலியில், ஒரே படத்தை ஒரே பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள். புஹாரியிடம் தோற்றுப்போனதுகூட இனிப்பாக இருந்தது. இடதுகைக் கட்சியை அன்று காலையிலேயே கலைத்துவிட்டார். காரணம் மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. மாரிசாமிக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சாயங்காலம் நன்றாக எண்ணெய் தடவித் தலை வாரி, நீலக்கறை உள்பக்கம் மறைகிற மாதிரி மடித்து வேட்டியைக் கட்டிக்கொண்டு, கனகத்தோடு சேர்ந்து தெருவில் நடந்தார். அப்படி அவர்கள் சேர்ந்து நடந்ததே அபூர்வம். ஜனங்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவருக்கு. கூடாரத்து வாசலில் சீட்டு வாங்குவதற்காகக் கனகமே முன்னால் போனாள். வந்தாள். ஒரு சீட்டை அவர் கையில் வைத்தாள். பிள்ளை அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கனகம், இது தரைச் சீட்டு. திரைக்குப் பின்னால!"

"ஆமாங்க."

"நான் நாற்காலியில ஒக்காரலாம்னுல்ல வந்தேன்?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒக்காந்து பாத்துட்டா, வீட்டுக்குப் போயி பேசுறதுக்கு என்னங்க இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, கனகம் முன்பக்கத்து வாசலால் உள்ளே போய்விட்டாள்.